‘போகவில்லை’ என்று எழுதிய 61 ஞாயிறுகள்

இந்தப் பகுதிக்குக் கடிதம் எழுதிய வாசகி பாளையங்கோட்டைக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் பிறந்தவர். வயது 36, இப்போது சென்னையில் வேலை. ஆள் அடையாளம் தெரியாமல் இருக்க ஊர்ப் பெயரையும் சில விவரங்களையும் எடுத்துவிட்டு, நீண்ட கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

இவருடைய ஆச்சி, அதாவது அப்பாவைப் பெற்றவர், சென்ற பிப்ரவரியில் 87 வயதில் காலமானார். பாளையங்கோட்டை சாராள் தக்கர் கல்வி நிலையத்தில் ஆசிரியைப் பயிற்சி முடித்து, 1957 முதல் 1995 வரை 38 வருடம் மிஷன் தொடக்கப்பள்ளியில் டீச்சராக இருந்தவர். சி.எஸ்.ஐ. சபை, அதாவது தென்னிந்தியத் திருச்சபை. ஞாயிறு காலை ஓய்வுநாள் பாடசாலை, வாரநாளில் பெண்கள் ஐக்கிய சங்கம், அசனத்துக்கு (சபையின் பொது விருந்துக்கு) அரிசி அளப்பது, கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் பையன்களுக்கு நடுராத்திரியில் கருப்பட்டிக் காப்பி போடுவது என்று எல்லாவற்றிலும் இருந்தவர். ஊருக்கே அவர் ‘டீச்சரம்மா’.

முதலாம் ஆண்டு நினைவு ஸ்தோத்திர ஆராதனை வருகிறது. வாழ்க்கை வரலாறு எழுதி வாசிக்கவும், சின்னதாக ஒரு நினைவு மலர் அச்சடிக்கவும் குடும்பத்தில் இவரிடம் பொறுப்புக் கொடுத்திருக்கிறார்கள். ஆச்சியின் டிரங்குப் பெட்டி இவரிடம்தான் இருக்கிறது. அதற்குள் ஒரு பழைய வேதாகமம், ஒரு கட்டுக் கடிதம், நாற்பதுக்கு மேல் கணக்கு நோட்டுகள். பால், மண்ணெண்ணெய், காணிக்கை, யாருக்கு என்ன கொடுத்தது, எல்லாம் தேதி போட்டு எழுதியவை. அவற்றைப் புரட்டியபோது இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டிருக்கின்றன.

ஒன்று: 1971-ல் ஆச்சியின் கடைசி மகள் ஆறு வயதில் காய்ச்சல் கண்டு இறந்துபோனாள். அதற்குப் பிறகு பதினாலு மாதம், ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒரே வரி: ‘ஞாயிறு. போகவில்லை.’ வாசகி எண்ணிப் பார்த்திருக்கிறார், 61 தடவை. 62-வது ஞாயிறு: ‘போனேன். காணிக்கை 50 பைசா.’ இன்னொன்று: 1983-ல் ‘பெரியவனுக்கு 6,000. சங்கிலி அடகு.’ அந்தப் பணம் திரும்பி வந்ததாக எந்த நோட்டிலும் இல்லை.

அந்தப் ‘பெரியவன்’ வாசகியின் பெரியப்பா. அவருக்கு இப்போது 67 வயது. வாழ்க்கை வரலாற்றில் ‘அறுபது வருடமாக ஒரு ஞாயிறுகூடத் தவறாமல் ஆலயம் சென்றவர்’ என்று வந்தே ஆகவேண்டும் என்கிறார். நோட்டில் உள்ளதில் ஒரு வரி அச்சில் வந்தாலும் மானநஷ்ட வழக்குப் போடுவாராம். நோட்டுகள் எல்லோருக்கும் பொது, கொண்டுவந்து ஒப்படை என்றும் சொல்கிறார். அத்தையோ, “எல்லாத்தையும் போடு, ஊருக்குத் தெரியட்டும்” என்கிறார். அவர் மனதில் இருப்பது 1983. வாசகி அந்தப் பக்கங்களைப் போட்டோ எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடத் தயாராக வைத்திருக்கிறார்.

2019-ல் ஆச்சி தன் கைப்பட எழுதிய உயில் ஒன்றும் இருக்கிறது. வீடு மூன்று சம பங்கு: பெரியப்பாவுக்கு ஒன்று, அத்தைக்கு ஒன்று, 2014-ல் இறந்துபோன அப்பாவின் பங்கு வாசகிக்கும் தம்பிக்கும். ஒரு ஏக்கர் புஞ்சை அசனச் செலவுக்காகச் சபைக்கு. ‘டிரங்குப் பெட்டியும் அதற்குள் இருக்கிறதும் என் பேத்திக்கு.’ சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் அத்தையின் கணவரும், பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற வாத்தியாரும்.

கடிதத்தின் கடைசியில் வாசகி கேட்கிறார்: “ஆச்சி ஒரு வருஷத்துக்கு மேல் விசுவாசத்தை விட்டிருந்தார் என்பதை மறைத்து, கோயிலிலேயே நின்று பொய் வாசிக்கலாமா? உண்மையை வாசித்தால் அது ஆச்சிக்குச் செய்யும் துரோகமா?”

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை முதல் முறை வாசித்தபோது உயிலில்தான் என் கண் நின்றது. வக்கீல் தொழில் புத்தி. அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் நீங்கள் கேட்ட கேள்வி.

ஆச்சி விசுவாசத்தை விட்டிருந்தார் என்று எழுதுகிறீர்கள். நோட்டு அப்படிச் சொல்லவில்லை. ‘போகவில்லை’ என்று மட்டும்தான் சொல்கிறது. ஒரு ஆவணத்தைக் கையில் எடுத்தால் அதில் இருப்பதை மட்டும் படிக்க வேண்டும், நமக்குத் தோன்றுவதை அதில் ஏற்றிவிடக் கூடாது என்பது கோர்ட்டில் நாங்கள் அடிபட்டுக் கற்ற பாடம். அப்படிப் படித்துப் பாருங்கள். அந்தப் பதினாலு மாதத்தில் உங்கள் ஆச்சி போகாத இடங்கள் எத்தனையோ இருந்திருக்கும். கல்யாண வீட்டுக்குப் போகவில்லை, சந்தைக்குப் போகவில்லை என்று எங்காவது எழுதியிருக்கிறாரா? ஞாயிறுக்கு மட்டும்தான் எழுதியிருக்கிறார். வேண்டாம் என்று விட்டுப்போன ஆள் எதற்காக வாராவாரம் கணக்கு வைக்கப் போகிறார்? வகுப்பில் பிள்ளைகளுக்கு வருகைப் பதிவு போட்ட கை அது. தன் பெயருக்கு நேராகத் தானே ‘ஆப்சென்ட்’ போட்டிருக்கிறது.

நீங்கள் அனுப்பிய பக்கங்களில் இன்னொன்றும் இருக்கிறது. அதை நீங்கள் கவனித்த மாதிரித் தெரியவில்லை. அதே மாதங்களில் மூன்று இடத்தில் ‘கைப்பிடி அரிசி 2 படி கொடுத்தனுப்பியது’ என்று வருகிறது. கைப்பிடி அரிசி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. சென்னையிலேயே வளர்ந்த உங்கள் தம்பி பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்: ஒவ்வொரு வேளையும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு, அது சேர்ந்ததும் ஊழியத்துக்குக் கொடுப்பது. 1903-ல் பாளையங்கோட்டையில் தொடங்கிய இந்திய மிஷனரி சங்கம் மாதிரியான வேலைகளெல்லாம் இந்தப் பக்கத்துப் பெண்களின் இப்படிப்பட்ட காணிக்கைகளில் வளர்ந்தவைதான். பிள்ளையைப் புதைத்த தாய் கோயில் வாசலை மிதிக்கவில்லை. ஆனால் தினமும் அடுப்படியில் ஒரு பிடியை எடுத்து வைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார். இதற்கு என்ன பெயர் கொடுப்பது என்று எனக்குத் தெரியாது. விசுவாசத்தை விட்டது என்று மட்டும் நான் சொல்ல மாட்டேன். ஆச்சியின் வேதாகமத்திலேயே 88-ம் சங்கீதத்தை எடுத்து வாசியுங்கள். ஆறுதலாக ஒரு கடைசி வரிகூட இல்லாமல் இருட்டிலேயே முடிகிற சங்கீதம் அது. அதை யாரும் கிழித்து எடுத்துவிடவில்லையே.

சரி, மலரில் என்ன எழுதுவது?

நினைவு மலர்கள் என்னிடம் நிறைய வந்து சேரும். பாதி என்னிடம் வழக்குக் கொடுத்த கட்சிக்காரர்கள் கொண்டுவந்து கொடுப்பது, பாதி சொந்தக்காரர்களுடையது. எல்லாவற்றிலும் எல்லா அம்மாக்களும் ஒரே அம்மாதான். ஜெப வீராங்கனை, விருந்தோம்பலில் சிறந்தவர், பொறுமையின் சிகரம். பெயரை மாற்றிப் போட்டால் எந்த வீட்டுக்கும் பொருந்தும். ‘ஒரு ஞாயிறுகூடத் தவறாமல்’ என்பதும் அந்த வரிசையில் வருகிற வார்த்தைதான். பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் அதை எழுதுவதில்லை, பழக்கத்தில் கை எழுதிவிடும். ஆனால் உங்களுக்கு அது உண்மையில்லை என்று தெரிந்துவிட்டது. அதனால் அந்த வரியை நீங்கள் எழுதாதீர்கள். எழுதாமல் விடுவது பொய் ஆகாது. ‘படுக்கையில் விழும்வரை ஆலயத்தைத் தேடிப் போனவர்’ என்று எழுதினால் பெரியப்பா கேட்கிற மரியாதையும் வந்துவிடும், நோட்டுக்கும் விரோதமில்லை.

அந்த 61 ஞாயிறுகளைச் சொல்லத்தான் வேண்டுமா என்றால், என் விருப்பம் சொல்லலாம் என்பதுதான். மூன்றே வரி போதும்: ‘1971-ல் தன் கடைசி மகளைப் பறிகொடுத்தார். 61 ஞாயிறு அவரால் ஆலயத்துக்குப் போக முடியவில்லை. 62-வது ஞாயிறு போனார்.’ அதற்கு மேல் விளக்கமோ வசனமோ வேண்டாம். பிள்ளையை இழந்துவிட்டு இன்னும் கோயில் பக்கம் வர முடியாத யாராவது அன்றைக்குக் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கலாம். டீச்சரம்மாவே போகவில்லையாம் என்று அவர் கேட்கட்டும். ஆனால் இது அந்தக் குடும்பத்தில் மூன்று பேருக்குச் சொந்தமான துக்கம். நீங்கள் பிறப்பதற்கு வெகு முன்னால் நடந்தது. பெரியப்பாவும் அத்தையும் சம்மதித்தால் வாசியுங்கள். சம்மதிக்காவிட்டால் அந்த மூன்று வரியை விட்டுவிடுங்கள். ஐயரிடமும் (சபைப் போதகரிடமும்) முன்கூட்டியே காட்டிவிடுங்கள், ஆராதனை அவர் பொறுப்பில் நடக்கிறது.

ஒன்றை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். நீங்கள் அனுப்பிய முதல் வரைவில் ‘மூன்று பிள்ளைகளைப் பெற்று’ என்று இருக்கிறது. நாலு. அந்தச் சின்னப் பெண்ணின் பெயர் மலரில் வர வேண்டும்.

மற்ற விவரங்களைத் தேடும்போது, ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்க ஐயரிடம் அனுமதி கேளுங்கள். தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947 செப்டம்பரில். உங்கள் ஆச்சி பிறந்தது 1937. அதனால் அந்தக் காலத்துப் பதிவேடு பழைய மிஷன் பெயரில், ஆங்கிலத்தில்கூட இருக்கலாம். அது கிடைக்கவில்லை என்று சொன்னால் பழைய கட்டுகளையும் பார்க்கச் சொல்லுங்கள். குடும்ப வேதாகமத்தின் முன்பக்கத்தில் ஒரு பிறந்த தேதியும் பள்ளிக்கூடப் பதிவில் வேறொரு தேதியும் இருந்தால் திகைக்காதீர்கள். அந்தத் தலைமுறையில் இரண்டு பிறந்தநாள் இல்லாதவர்கள்தான் அபூர்வம்.

இப்போது சட்டம்.

நோட்டு யாருடையது?

உங்களுடையது. எல்லோருக்கும் பொது என்று பெரியப்பா சொல்வது, உயிலே இல்லாதிருந்தால் சரியாக இருந்திருக்கும். உயிலில் பெட்டியும் உள்ளே இருப்பதும் பேத்திக்கு என்று இருப்பதால், அந்தக் காகிதங்களுக்குச் சொந்தக்காரர் நீங்கள். ஒரு படி மேலேயும் போகலாம். அச்சில் வராத கையெழுத்துப் பிரதியை ஒருவர் உயில் மூலம் கொடுத்தால், வேறுவிதமாக உயிலில் சொல்லாதவரை, அதன் பதிப்புரிமையும் சேர்ந்தே போகும் என்று 1957-ம் வருடப் பதிப்புரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவு சொல்கிறது. கணக்கு நோட்டை இலக்கியம் என்று சொல்லலாமா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்பார். கேட்கட்டும். எழுத்து வடிவில் உள்ள நாட்குறிப்பைச் சட்டம் அப்படித்தான் பார்க்கும், நடையழகை யாரும் எடைபோட மாட்டார்கள்.

பெட்டியில் உள்ள கடிதக் கட்டு வேறு கதை. ஆச்சிக்கு மற்றவர்கள் எழுதியவை அவை. தாள் உங்களுடையது, வார்த்தைகள் எழுதினவர்களுடையது. அத்தை எழுதிய கடிதத்தை அச்சிட அத்தையிடம் கேட்க வேண்டும். அப்பா எழுதியதற்கு அம்மா, தம்பி, நீங்கள் மூவரும் சம்மதித்தால் போதும்.

கேஸ் போடுவேன் என்கிறாரே

இறந்தவர்களைப் பற்றி என்ன எழுதினாலும் வழக்கு வராது என்று நினைப்பவர்கள் உண்டு. அது சரியில்லை. பாரதிய நியாய சன்ஹிதா 356-வது பிரிவில் (முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 499) இறந்தவரைப் பற்றியும் இருக்கிறது. உயிரோடு இருந்தால் அவர் பெயரைக் கெடுத்திருக்கும்படியான பேச்சு, குடும்பத்தார் மனதைப் புண்படுத்தும் நோக்கத்தோடும் சொல்லப்பட்டிருந்தால் அது அவதூறுதான். ஆனால் மகளை இழந்த தாய் சில மாதம் கோயிலுக்குப் போகவில்லை என்பதைக் கேட்டு அவரை யார் இளக்காரமாக நினைப்பார்கள்? அந்த மூன்று வரிக்காக உங்கள்மேல் வழக்கு நிற்காது என்று துணிந்து சொல்வேன்.

உங்களுக்கு ஆபத்து இருப்பது மற்ற வரியில். ‘பெரியவனுக்கு 6,000’ என்பது உயிரோடு இருக்கிற ஒருவரைப் பற்றியது. “உண்மையைத்தானே சொல்கிறேன்” என்று எழுதியிருக்கிறீர்கள். சிவில் வழக்கில் உண்மை என்பதே போதுமான பதில். கிரிமினல் வழக்கில் அது மட்டும் போதாது. அதைச் சொல்வதால் பொதுநன்மை இருக்கிறது என்றும் காட்ட வேண்டும். நாற்பது வருடத்துக்கு முந்தைய ஒரு வீட்டுக் கடனில் என்ன பொதுநன்மை? அதுவும் முப்பது, நாற்பது பேர் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில்? ‘குடும்ப குரூப்தானே’ என்பது எந்தக் கோர்ட்டிலும் எடுபடாது. மூன்றாவது ஆள் ஒருவர் படித்தாலே அது வெளியிட்டது ஆகிவிடும். அந்தப் போட்டோக்களை அனுப்பாதீர்கள். மலரிலும் போடாதீர்கள். அத்தை எவ்வளவு கேட்டாலும்.

தவிர, அந்த வரியை வைத்துக்கொண்டு யாரும் ஒன்றும் செய்யவும் முடியாது. கடனைக் கேட்க மூன்று வருடக் காலவரம்பு. அது எண்பதுகளிலேயே முடிந்துவிட்டது. ‘அம்மாவிடம் ஏற்கெனவே வாங்கிவிட்டார், அதைப் பங்கில் கழிக்க வேண்டும்’ என்று அத்தை நினைத்தால், அதற்கும் வழியில்லை. 1925-ம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும். உயில் இல்லாத சொத்தில்கூட, பெற்றவர் தம் வாழ்நாளில் ஒரு பிள்ளையின் முன்னேற்றத்துக்காகக் கொடுத்ததைப் பங்கில் கழிக்கக் கூடாது என்று அதன் 49-வது பிரிவு தெளிவாகவே சொல்கிறது. இங்கோ உயிலே இருக்கிறது, அதில் 6,000 பற்றி ஆச்சி ஒரு வார்த்தை எழுதவில்லை. அவர் அதை மறந்திருப்பார் என்று நினைக்கிறீர்களா? 50 பைசா காணிக்கையை எழுதி வைத்தவர்! நினைவு இருந்தும், மூன்று பங்கையும் சமமாகப் போட்டிருக்கிறார்.

சபைக்குக் கொடுத்த ஒரு ஏக்கர்

இறப்பதற்கு ஒரு வருடத்துக்கு முன்பே எழுதி, அரசாங்க அலுவலகத்தில் ஒப்படைத்து வைத்திருந்தால்தான் கோயிலுக்குக் கொடுத்தது செல்லும் என்று பெரியப்பாவிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் பழைய ஆள். அப்படி ஒரு விதி இருந்தது உண்மை, அதே வாரிசுரிமைச் சட்டத்தின் 118-வது பிரிவு. கேரளத்துப் பாதிரியார் ஜான் வல்லமட்டம் தொடுத்த வழக்கில், அது கிறிஸ்தவர்களுக்கு எதிரான பாகுபாடு என்று சொல்லி உச்ச நீதிமன்றம் 2003-ல் அந்தப் பிரிவையே ரத்து செய்துவிட்டது. நிலம் சபைக்குப் போவதில் அந்தத் தடை இல்லை. உயிலைப் பதிவு செய்யவில்லை என்பதும் குறையல்ல. உயிலுக்குப் பதிவு கட்டாயம் கிடையாது. புரொபேட் (உயில் மெய்யானது என்று கோர்ட் தரும் சான்று) வாங்கினால்தான் செல்லும் என்பதும், இந்தியக் கிறிஸ்தவர்களைப் பொறுத்தவரை 2002-ம் வருடத் திருத்தத்தோடு போய்விட்டது. பட்டா மாற்றப் போகும்போது வாரிசுகளின் சம்மதம் கேட்டு இழுத்தடிப்பார்கள். அதற்காகவாவது பெரியப்பாவோடு பேசுகிற நிலையில் இருப்பது நல்லது.

நீங்கள் கேட்காத கேள்வி: அத்தையின் பங்கு

இதை எழுதத்தான் எனக்குத் தயக்கமாக இருந்தது. உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் உங்கள் மாமா, அதாவது அத்தையின் கணவர் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வாரிசுரிமைச் சட்டத்தின் 67-வது பிரிவு இப்படிச் சொல்கிறது: சாட்சிக்கோ, சாட்சியின் கணவனுக்கோ மனைவிக்கோ உயிலில் ஏதாவது கொடுத்திருந்தால், உயில் கெடாது, ஆனால் அந்தக் கொடை செல்லாது. இந்துக்கள் எழுதும் உயில்களுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது என்பதால் நம் ஊரில் பலருக்கு, சில வக்கீல்களுக்கும்கூட, இது நினைவில் நிற்பதில்லை. கிறிஸ்தவர்களுக்குப் பொருந்தும்.

அப்படியானால், ஆச்சி அத்தைக்கு எழுதிய மூன்றில் ஒரு பங்கு வீடு சட்டப்படி அத்தைக்கு வராது. ‘மீதிச் சொத்து இன்னாருக்கு’ என்ற வாசகம் உயிலில் இல்லாவிட்டால், அந்தப் பங்கு உயில் எழுதாத சொத்தாகி மூன்று கிளைகளுக்கும் சமமாகப் பிரியும். கிறிஸ்தவர்களில் மகன், மகள் என்ற வித்தியாசம் கிடையாது. இறந்த மகனின் பங்கு அவர் பிள்ளைகளுக்குப் போகும். கணக்குப் போட்டால் அத்தைக்கு ஒன்பதில் ஒன்று. பெரியப்பாவுக்கு ஒன்பதில் நான்கு. உங்களுக்கும் தம்பிக்கும் சேர்த்து ஒன்பதில் நான்கு.

பார்த்தீர்களா, இதில் உங்களுக்கும் லாபம் இருக்கிறது. அதனால்தான் இதை மறைக்காமல் சொல்கிறேன். உயிலின் முழு நகலைப் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. ஊரில் ஒரு வக்கீலிடம் காட்டுங்கள். ஆனால் நான் சொல்வது சரியாக இருந்தால், ஆச்சி நினைத்தபடி நடக்க ஒரே வழி, பெரியப்பாவும் நீங்களும் தம்பியும் அந்தக் கூடுதல் பங்கை விட்டுக்கொடுத்து, அத்தை பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்வதுதான். அதற்குப் பெரியப்பாவின் கையெழுத்து வேண்டும். அவரை ஊரறிய அவமானப்படுத்திய மறுநாள் போய் அந்தக் கையெழுத்தைக் கேட்க முடியுமா? “எல்லாத்தையும் போடு” என்கிற அத்தைக்கு இது தெரியாது. முதலில் அவரிடம் சொல்லுங்கள். போனில் வேண்டாம், நேரில்.

கடைசியாகப் பெரியப்பா. முதல் முறை வாசித்தபோது, அவர் பயப்படுவது 6,000 ரூபாய்க்குத்தான், ஞாயிறு என்பதெல்லாம் சாக்கு என்று முடிவு கட்டிவிட்டேன். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள் என்பது கடிதத்தில் தெரிகிறது. இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தபோதுதான் அவர் வயதைக் கணக்குப் பார்த்தேன். இப்போது 67 என்றால் 1971-ல் பதின்மூன்று. தங்கச்சி இறந்ததும், அம்மா ஞாயிற்றுக்கிழமை அடுப்படியை விட்டு எழுந்திருக்காததும் அவருக்குத் தெரியாமல் இருக்க வழியே இல்லை. ‘ஒரு ஞாயிறுகூடத் தவறாமல்’ என்பது உண்மையில்லை என்று உங்களுக்கு முன்னாலேயே தெரிந்த மனிதர் அவர். அதைத் தெரிந்துகொண்டுதான் அந்த வரி வேண்டும் என்கிறார். அது பணத்துக்காக மட்டும் இருக்காது.

பணப் பயத்தை நீங்களே தீர்த்துவைக்கலாம். 1983 பற்றி அச்சில் எதுவும் வராது, பங்கில் யாரும் கழிக்க முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பார்க்கப் போகும்போது நோட்டைக் கொண்டுபோகாதீர்கள், உயில் நகல் மட்டும் போதும். அதையும் உட்கார்ந்தவுடனே எடுக்க வேண்டாம். அந்த வருடம் தம்பியையும் தங்கச்சியையும் யார் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள், வீட்டுக்குத் திரும்பி வந்ததும் ஆச்சி என்ன கேட்பார் என்று கேளுங்கள். பதில் வர நேரமாகலாம். மதியச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னால் இருங்கள்.